குறிப்புக் கட்டத்தில் இடம் போதாவிட்டால்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படிவத்தின் கடைசிக் கட்டத்தில் பிறந்தது. கட்டத்தின் தலைப்பு 'குறிப்பு'. அகலம் இரண்டு அங்குலம், உயரம் முக்கால் அங்குலம். அதற்குக் கீழே, எறும்புக்கு மட்டும் தெரிகிற எழுத்தில் ஒரு வரி உண்டு: இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும்.

நீங்கள் கையில் வைத்திருப்பது அந்தத் தனித்தாள். தாள் என்று ஒருமையில் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இப்போதே பதினேழு ஆகிவிட்டது.

[பட்டு: ஒன்பது.]

பட்டு என் மனைவி. சிவப்புப் பேனாவும் மூக்குக் கண்ணாடியுமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒரு தாளை முடித்ததும் வாங்கிப் படிக்கிறாள். சதுர அடைப்புக்குள் இருப்பதெல்லாம் அவள் கைவண்ணம். நாற்பத்தொரு வருட வாழ்க்கையில் அவள் எனக்குப் போட்ட ஒரே நிபந்தனை, "எண் எதையாவது எழுதினேள்னா எங்கிட்ட காட்டிட்டு எழுதுங்கோ" என்பதுதான்.

என் பெயர் ராமசுவாமி. ஹைதராபாத் ஹப்சிகுடாவில் 'ஹம்ஸினி' அடுக்ககம், நான்காவது மாடி. பாலாநகரில் அழுத்தமானி செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் தரப் பரிசோதனை. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், அதனால் பெயர் வேண்டாம். தென்னிந்தியாவில் எந்த பாய்லராவது இன்னும் வெடிக்காமல் இருக்கிறது என்றால் அதற்கு நான்தான் காரணம்.

[பட்டு: ஒன்று வெடித்தது.]

2

கதையை எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். முதல் முயற்சி இது:

'கொங்கல செருவின் மேல் விடியல் ஒரு வெள்ளிச் சல்லாவைப் போல மெல்ல'

இங்கே பட்டு நிறுத்திவிட்டாள். "நீங்க என்னிக்கு விடியலைப் பார்த்தேள்?" என்றாள். நியாயமான கேள்வி. அடித்துவிட்டேன், ஆனால் அழிக்கவில்லை, பாருங்கள். கோப்பில் அடிப்பது உண்டு, அழிப்பது கிடையாது. அடித்ததன் பக்கத்தில் சுருக்கொப்பமும் போடவேண்டும்.

இரண்டாவது முயற்சி:

2006 ஜனவரியில் ஹைதராபாத்தில் எல்லாரும் எதையாவது கற்றுக்கொண்டிருந்தார்கள். அமீர்பேட்டில் ஒரு சந்தில் நுழைந்து மறு சந்தில் வெளியே வந்தால் ஜாவா தெரிந்திருக்கும். தும்மினால் டெஸ்டிங் சான்றிதழ் கொடுத்தார்கள். ஊரே கற்கும்போது ஹம்ஸினி அடுக்ககத்து ஓய்வூதியக்காரர்கள் மட்டும் எதையும் கற்காமல் மொட்டை மாடியில் உட்கார்ந்து முழங்கால் வலியை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் எங்களுக்கும் ஒரு பயிலரங்கு வந்தது.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

எங்கள் மதில் சுவருக்குப் பின்னால் ஓர் ஏரி இருக்கிறது. கொங்க என்றால் தெலுங்கில் கொக்கு, செருவு என்றால் ஏரி. கொங்கல செருவு. அதில் நாற்பது குடும்பங்கள் வலை வீசிப் பிழைக்கின்றன. அவர்கள் சங்கத்துக்குத் தலைவி யாதம்மா. இருபத்தைந்து வருடமாக எங்கள் பேட்டையில் மீன் விற்கிறவள். நான் அவளை அதுவரை ஒரு குரலாக மட்டுமே அறிவேன். காலை ஏழு மணிக்கு அந்தக் குரல் கேட்டால் பட்டு சன்னலைச் சாத்துவாள்.

[பட்டு: வாசனைக்காக. குரலுக்காக இல்லை.]

3

பயிலரங்கின் பெயர் 'அனைவரையும் உள்ளடக்கிய இயற்கைப் பாதுகாப்புக்கும் நீடித்த வளர்ச்சிக்குமான உள்ளூர்த் திறன் மேம்பாடு'. பேனர் கட்ட ஐந்து கம்பம் வேண்டியிருந்தது.

[பட்டு: மூன்று. நடுவில் தொய்ந்ததால் மூன்றாவது.]

நடத்தியவள் சௌம்யா. திண்டுக்கல் பெண், இருபத்தாறு வயது, ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. எங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடி நஸ்ரின் வீட்டில் பேயிங் கெஸ்ட். நல்ல பெண், நல்ல எண்ணம். ஒரே ஒரு தப்பு செய்தாள்: மூன்று நாளும் காலை ஏழிலிருந்து பத்து என்று நேரம் வைத்தாள். அது மீன் விற்கிற நேரம். ஏரியை நம்பிப் பிழைக்கிற ஒருவர்கூட வரவில்லை. வருகைப் பதிவேட்டிலோ முப்பது 'உள்ளூர்ப் பயனாளிகள்' வேண்டும்.

"அங்கிள், நீங்க கொஞ்சம் பேர் வந்து உக்காந்தா போதும்" என்றாள்.

நாங்கள் உள்ளூர்தான், ஏரியிலிருந்து இருநூறு அடி. பயனாளிகளும்தான், ஏனென்றால் பொங்கல் வடை இருந்தது. முப்பது பேர் கேட்டாள், முப்பத்தொரு பேர் போனோம். எங்கள் கட்டடத்துச் செயலாளர் ஜெயராம் முதல் வரிசை. அவன் என்னோடு அதே தொழிற்சாலையில் சேர்ந்தவன், அதே நாளில் ஓய்வு பெற்றவன். 1968-இல் ஹைதராபாத் வந்து இறங்கிய அன்றைக்கே தமிழில் பாதியை நாம்பள்ளி ரயில் நிலையத்தில் தொலைத்துவிட்டான்.

மூன்றாம் நாள் ஒரு பயிற்சி. ஏரியை நம்பியிருப்பவர்களின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது. சீட்டு எடுக்கச் சொன்னாள். ஜெயராமுக்கு மீனவர் வந்தது. எனக்கு எருமை.

நான் எருமையாக நடித்ததைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தேன். பட்டு எடுத்துவிட்டாள். அசைபோட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொள்ள அனுமதி. ஜெயராம் நஸ்ரினுடைய துப்பட்டாவை வலையாக விரித்துக்கொண்டு வீச நின்றான். அந்த நேரத்தில் மீன் விற்று முடித்த யாதம்மா, வெறும் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, என்ன கூட்டம் என்று பார்க்க உள்ளே வந்தாள். தெலுங்கில் ஆரம்பித்து, கேட்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு இறங்கிவருவது அவள் வழக்கம்.

"எவரம்மா இது? இவரு யாரு?"

"மீனவர் அக்கா" என்றாள் சௌம்யா.

"எந்த ஊரு மீனவரு?"

"இந்த ஏரிதான். அதாவது, உங்களுக்குப் பதிலா."

யாதம்மா ஜெயராமை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "நான் இவ்ளோ லாவா இருக்கேன்? இவ்ளோ குண்டா?" என்றாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள். "இடது காலு முன்ன வரணும் சாரு. இப்படி நின்னா வலைக்கு முன்னாடி நீங்க போவீங்க."

ஜெயராம் இடது காலை முன்னே வைத்தான்.

"அது யாரு?" என்று என்னைக் காட்டினாள்.

"எருமை" என்றேன் நானே.

கொஞ்ச நேரம் பார்த்தாள். "அது பரவால்ல" என்றாள்.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதை முதல் மூன்றுக்குள் வைப்பேன்.

4

பயிலரங்கின் முடிவில் ஏரிக் குழு ஒன்று அமைந்தது. பதினோரு பேர். பத்துப் பேர் ஹம்ஸினி. பாரம்பரியப் பயன்பாட்டாளர் என்ற இடத்துக்கு யாதம்மா. குழுவின் வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏரிக்கு வரும் பறவைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதி, ஏரிகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு அனுப்புவது. பதிவாளர் நான். பதிவாளரின் கையெழுத்தும் பாரம்பரியப் பிரதிநிதியின் கைநாட்டும் இருந்தால்தான் பதிவேடு செல்லும்.

முதல் எண்ணிக்கையை ஒழுங்காகத்தான் எடுத்தோம். யாதம்மா காட்டக் காட்ட நான் எழுதினேன். இருநூற்று முப்பது பறவைகள். உண்மையான எண். பட்டுவிடம் காட்டியாயிற்று.

அடுத்த காலாண்டு ஏப்ரலில் வந்தது. ஹைதராபாத் ஏப்ரலில் வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நானும் ஜெயராமும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் கால்குலேட்டரோடு உட்கார்ந்தோம்.

"போன தடவை எவ்ளோ?" என்றான் ஜெயராம்.

"இருநூத்து முப்பது."

"பத்து பர்சென்ட் போடு."

அவ்வளவுதான் நடந்தது. இதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை என்பதை நீங்கள் நம்பவேண்டும். முப்பத்தைந்து வருடம் எங்கள் கை அப்படியே பழகிவிட்டது. தொழிற்சாலையில் ஒவ்வொரு காலாண்டு அறிக்கையும் போன காலாண்டை விடப் பத்து சதவீதம் கூடுதலாகத்தான் போகும். யாரும் எங்களைப் பொய் சொல்லச் சொன்னதில்லை. குறைகிற எண்ணை வாங்கிக்கொள்ள மேலே ஆளில்லை. பழகிய கைக்கு முன்னால் வந்தது அழுத்தமானியா, நாரையா என்று வித்தியாசம் தெரியவில்லை.

இருநூற்று ஐம்பத்து மூன்று. இருநூற்று எழுபத்தெட்டு. முந்நூற்று ஆறு. இப்படியே எட்டுக் காலாண்டு ஏறி, 2008 ஜனவரியில் நானூற்றுத் தொண்ணூற்று மூன்றில் நின்றது.

[பட்டு: கூட்டிப் பார்த்தேன், கணக்கு சரி. கணக்கு மட்டும்.]

குறிப்புக் கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் 'இல்லை' என்று எழுதினேன். அதுவும் தொழிற்சாலைப் பழக்கம்தான். குறிப்பு எழுதியவனைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

ஒவ்வொரு தடவையும் யாதம்மா மை தொட்டுப் பெருவிரல் வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பாள்.

"ஏமி எழுதியிருக்கு சாரு?"

"பட்சி."

"எல்லா பட்சியும் எழுதினீங்களா?"

"எல்லாம் எழுதியாச்சு. கொஞ்சம் தாராளமாவே."

இதில் எங்கே பொய் என்று நீங்களே சொல்லுங்கள்.

5

2008 ஜனவரிக் கடைசியில் யாதம்மா முதல் தடவையாக எங்கள் நான்காவது மாடிக்கு ஏறி வந்தாள். கூடை இல்லை. கையில் ஒரு கடிதம். பட்டு சோபாவில் உட்காரச் சொன்னாள், காபி கொடுத்தாள். யாதம்மா காபியைக் குடிக்கவில்லை.

"சாரு, மீனு சாகுதுன்னு மூணு மனு போட்டேன் ஆபீசுக்கு. ஜவாபு வந்திருக்கு. சௌம்யாம்மா படிச்சு சொன்னாங்க. நீங்களும் ஒருதடவை படிங்க."

படித்தேன். இரண்டு வருடமாகப் பறவைகளின் எண்ணிக்கை சீராக உயர்ந்து வருகிறது. குறிப்பு எதுவும் இல்லை. உள்ளூர்க் குழுவே கையொப்பமிட்டிருக்கிறது. ஆகவே ஏரி நலமாக இருக்கிறது. பாதுகாப்பின் நோக்கம் நிறைவேறிவிட்டது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஏரியைச் சுற்றி வேலி போட்டு, படகுப் பூங்கா நடத்த ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படும். மனுதாரரின் கவனத்துக்குப் பதிவேட்டின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

நகலில் ஒன்பது பெருவிரல் ரேகைகள். எல்லாம் அவளுடையவை.

"வேலிக்கு உள்ள நாங்க போகலாமா?"

"டிக்கெட் எடுத்தா."

"வலையோட?"

கடிதத்தை மடித்தேன். சொல்ல எனக்குப் பெரிதாக ஏதாவது கிடைத்திருக்கும், ஆனால் பட்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாதம்மா பெருவிரலை டீப்பாய் மேல் வைத்தாள். "இந்த விரலு என்னுது. எழுத்து உங்களுது. விரலை எனக்குத் திருப்பிக் குடுங்க சாரு" என்றாள்.

[பட்டு: இதில் ஒரு எழுத்தையும் மாற்றவேண்டாம். இப்படியேதான் சொன்னாள்.]

6

இங்கே நிறுத்தி ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். யாதம்மாவை நான் ரொம்ப நல்லவளாக எழுதுகிறேனோ? ஏழை, உழைப்பாளி, பளிச்சென்று பேசுகிறாள். கதையில் இப்படி ஒருத்தி வந்தாலே வாசகர் அவளுக்குக் கால் மேல் கால் போட நாற்காலி கொடுத்துவிடுவார். அப்புறம் மற்றவர்கள் எல்லாம் தரையில்தான்.

நஸ்ரினைக் கேட்டேன். "அங்கிள், முந்தா நேத்து மீனை இன்னிக்குப் பிடிச்சதும்பா. செவுளைத் தூக்கிப் பாத்தா கோவிச்சுப்பா. ஒருதடவை இவ்ளோ பெரிய மீன் தப்பிச்சுப் போச்சுன்னு கையை விரிச்சா பாருங்க, கதவு இடிச்சிருச்சு."

எனக்கு நிம்மதியாகப் போயிற்று. நம் இனம்தான்.

அதனால்தான் மறுநாளே அலுவலகத்துக்குப் போனேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் ஆறு நாள் கழித்துத்தான் போனேன்.

[பட்டு: பதினொன்று. நான் இரண்டு வேளை சாப்பாடு போடாத பிறகு.]

அதிகாரியின் பெயர் சீதாராமன். பெற்றோர் கும்பகோணம் பக்கம், பிறந்து வளர்ந்தது சிகந்தராபாத். "தமிழ் பேசுவேன் சார், படிக்க வராது" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

"அந்தப் பதிவேடு பொய்" என்றேன்.

"எந்தப் பதிவேடு?"

"கொங்கல செருவு. முதல் தடவைக்கு அப்புறம் நாங்க எண்ணவே இல்லை. கால்குலேட்டர்ல போட்டது."

"எட்டு குவார்ட்டருமா?"

"எட்டும்."

அவர் கோப்பைத் திறந்து என் எழுத்தைப் பார்த்தார். முத்து முத்தான எழுத்து. கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளிகூடப் போயிருக்காது. மூடினார்.

"சார், மத்த ஏரியிலேர்ந்து வர்ற ரிஜிஸ்டரைப் பாத்தா நீங்க அழுதுடுவீங்க. ஒண்ணுல நூறு, அடுத்ததுல பதினேழு, அடுத்தது தொலைஞ்சு போச்சு. உங்களோடது ஒண்ணுதான் ஒழுங்கா ஏறி வருது. அது எப்படிப் பொய்யா இருக்கும்? அந்தம்மா மேல இரக்கப்பட்டு நீங்க கொஞ்சம் மிகைப்படுத்தறீங்க."

அறுபத்து நான்கு வயதில் நான் சொன்ன முதல் கலப்படமில்லாத உண்மை. அதைத்தான் மிகை என்றார்கள்.

விடாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். கடைசியில் அலுத்துப்போய், "சரி, வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி. நானே வர்றேன், படகுக் கம்பெனி ஆளும் வரட்டும், உங்க குழுவும் வரட்டும். எல்லாரும் சேந்து எண்ணுவோம். பறவை இல்லைன்னா வேலி போடறதை நிறுத்தறேன்" என்றார்.

7

ஞாயிற்றுக்கிழமை விடியலை நான் பார்த்தேன். பட்டு சாட்சி. வெள்ளிச் சல்லா எதுவும் இல்லை.

ஆனால் பறவைகள் இருந்தன. கரை முழுக்க, தண்ணீர் முழுக்க, நடுவில் இருக்கும் கருவேல மரம் முழுக்க. கொக்கு, மடையான், நாரை, நீர்க்காகம். இரண்டு வருடமாக நான் கால்குலேட்டரில் பெற்றுப்போட்ட பிள்ளைகள் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி வந்து இறங்கியிருந்தன. சீதாராமன் எண்ணினார். படகுக் கம்பெனிக்காரர் எண்ணினார். சௌம்யா எண்ணினாள். மூன்று எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, அறுநூற்றுப் பன்னிரண்டு என்று முடிவானது.

என் பொய் நானூற்றுத் தொண்ணூற்று மூன்றுதான். பத்து சதவீதம் ஏற்றியிருந்தாலும் ஐந்நூற்று நாற்பத்திரண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை என்னை முந்திக்கொண்டு போய்விட்டது. அவமானமாக இருந்தது.

[பட்டு: அறுநூற்றுப் பன்னிரண்டு சரி. நானும் எண்ணினேன்.]

படகுக் கம்பெனிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ராமு, நீ தேவையில்லாம போய் வாயைக் குடுத்தே. பாத்தியா, நம்ம ரிஜிஸ்டர் கம்மியாதான் காட்டிருக்கு" என்றான் ஜெயராம், மெல்லிய குரலில்.

யாதம்மா எண்ணவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

"பறவை நிறைய இருக்கே அம்மா" என்றார் சீதாராமன் தெலுங்கில்.

"இருக்கு சாரு. இதுங்க எதுக்கு வந்திருக்குன்னு பாத்தீங்களா?"

அவள் தண்ணீரைக் காட்டினாள். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நீர்ப்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு வாய். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பறவைகள் பறக்கக்கூட இல்லை. நடந்து போய்ப் பொறுக்கின.

"தண்ணிக்குள்ள மூச்சு இல்ல. அதான் மேல வருது. பட்சிக்கு வேட்டையே வேண்டாம். இது கல்யாண வீட்டுக் கூட்டம் லேது சாரு, சாவு வீட்டுக் கூட்டம். இன்னும் ஒரு மாசம் வரும். அப்புறம் மீனும் இருக்காது, இதுங்களும் இருக்காது."

"ஏன் மூச்சு இல்ல?"

யாதம்மா திரும்பினாள். முகவாயால் காட்டினாள். எங்கள் மதில் சுவருக்கு அடியிலிருந்து ஒரு குழாய் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஹம்ஸினியின் நாற்பத்தெட்டு வீடுகளும் காலையில் எழுந்துகொண்டிருந்த நேரம். குழாய் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குழாயை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். மழைநீர்க் குழாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மே மாதத்திலும் அதில் மழை ஓடியது.

ஜெயராம் ஒரு நாரையை மிகுந்த கவனத்தோடு பார்க்க ஆரம்பித்தான். குழுக் கூட்டங்களில் யாதம்மா இரண்டு தடவை இந்தக் குழாயைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவையும் 'உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார், நன்றி' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதியவன் அவன்.

சீதாராமன் படிவத்தை என்னிடம் நீட்டினார்.

"காதுல விழுந்தது கோப்புல ஏறாது சார். குறிப்புல எழுதுங்க. எழுதினா வேலி போடறது நிக்கும், உங்க பில்டிங்குக்கு நோட்டீஸ் வரும். அந்தம்மா சொன்னது எழுத்துல இல்லைன்னா அறுநூத்துப் பன்னிரண்டு மட்டும்தான் மேல போகும். ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். புதன்கிழமை பதினோரு மணி வரைக்கும் டைம்."

திரும்பி நடக்கும்போது ஜெயராம் என் முழங்கையைப் பிடித்தான்.

"இல்லைன்னு போடு ராமு. எப்பவும் போடறதுதானே?"

"இந்தத் தடவை இருக்குடா."

"குழாயை மெயின் லைனுக்கு மாத்தணும்னா பார்க்கிங் பூரா தோண்டணும். ஆறு மாசம் காரை எங்க நிறுத்தறது? நக்கோ பாபா, வேண்டாம். பக்கத்து பில்டிங் குழாய்னு எழுதேன், அவங்களும் ஏரிக்குத்தானே விடறாங்க?"

"விடறாங்களா?"

"ஹவ், ஆமா, நாலு பில்டிங்கும்" என்றான். அப்புறம்தான் வாயை மூடினான்.

8

ஜெயராமை வில்லனாக எழுதி ஒரு பக்கம் வைத்திருந்தேன். மீசைகூடக் கொடுத்திருந்தேன். ஆனால் அவன் முழங்கால் என் முழங்காலை விட மோசம், கார் இல்லாமல்

விட்டுவிடுகிறேன். இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் அவன் பக்கம் போய்விடும்.

9

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) குறிப்பு எழுதப்படுகிறது. ஒரே வாரத்தில் ஹம்ஸினிவாசிகள் மண்வெட்டியோடு இறங்கிப் பார்க்கிங்கைத் தோண்டுகிறார்கள். ஜெயராம் இடது காலை முன்னே வைத்துக் கடப்பாரை போடுகிறான். ஏரி பளிங்காகிறது. யாதம்மா எனக்கு மாலை போட, ஆறாயிரம் கொக்குகள் தலைக்கு மேல்

[பட்டு: மாலை வேண்டாம். ஆறாயிரமும் வேண்டாம்.]

(ஆ) 'இல்லை' என்று எழுதுகிறேன். இதற்கு மேல் இந்த முடிவில் ஒன்றும் எழுத வரவில்லை. அழகான கையெழுத்தில் ஒரு சொல். ஏப்ரல் ஒன்றாம் தேதி.

(இ) எழுதுகிறேன், ஆனால் கொஞ்சம் குறைத்து. 'சில மீன்கள் சற்றே சோர்வாகக் காணப்பட்டன.' இதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். பிரமாதமாக வந்தது. படித்தால் மீன்களுக்கு ஓய்வு கொடுத்தால் போதும் என்று தோன்றும். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தாலே என் கை அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. தமிழில் நான் பொய் சொன்னால் பட்டுவுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் இந்தத் தனித்தாள் தமிழில் இருக்கிறது.

10

நேற்று செவ்வாய்க்கிழமை. யாதம்மா வந்தாள். படிவத்தைக் காட்டினேன். இரண்டு அங்குலக் கட்டத்தில் 'தனித்தாள் காண்க' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டிருந்தேன். தனித்தாள் எங்கே என்றாள். தாள் கட்டைக் காட்டினேன்.

"இவ்ளோவா? ஏமி எழுதியிருக்கு?"

"எல்லாம்."

"தாராளமா?"

"பட்டு பாத்திருக்கா."

யாதம்மா பட்டுவைப் பார்த்தாள். பட்டு சிவப்புப் பேனாவைத் தூக்கிக் காட்டினாள். இந்தத் தடவை யாதம்மா காபியைக் குடித்தாள். ஆனால் விரலை நீட்டவில்லை.

"நாளைக்கு அந்த ஆபீசரு ரூம்ல யாராவது சத்தமா படிக்கணும். அவரு கேக்கணும், நானும் கேக்கணும். தமிழு எனக்குப் புரியும், நஸ்ரினம்மா என்கிட்ட எவ்ளோ பேரம் பேசியிருக்கு. பூரா கேட்டப்புறம்தான் விரலு வைப்பேன்."

"நானே படிக்கறேன்" என்றேன். குரலை ஏற்றி இறக்கிப் படிக்க எனக்கு வரும்.

"லேது சாரு. நீங்க படிச்சா நல்லா இருக்கும். நல்லா இருக்க வேண்டாம். ஜெயராம் சாரும் வேண்டாம்."

"சௌம்யா?"

"அந்தப் பொண்ணும் உங்க பில்டிங்குல தானே குளிக்குது. உங்க குழாய்ல இல்லாத யாரையாவது கூட்டிட்டு வாங்க."

நேற்று மாலை முழுக்கத் தேடினேன். எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் குழாய் இருக்கிறது. பக்கத்து மூன்று கட்டடங்களும் ஜெயராம் வாயாலேயே தெரிந்துவிட்டது. தார்நாகாவில் தமிழ் படிக்கத் தெரிந்த சந்தானம் என்று ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் யோசித்தார். "எங்க வீட்டுது எங்கே போறதுன்னு பார்த்துட்டு போன் பண்றேன் சார்" என்றார். இன்னும் பண்ணவில்லை.

ஆகவே, நீங்கள். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், தமிழ் தெரியும் என்று நிரூபணமாகிவிட்டது. இன்று புதன்கிழமை. பதினோரு மணிக்கு சீதாராமன் நாற்காலியில் சாய்ந்திருப்பார். யாதம்மா வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே நிற்பாள். உட்காரச் சொன்னால் உட்காருவாள், நீங்கள் சொல்லுங்கள். மைப்பெட்டி மேசை மேல் இருக்கும். நானும் பட்டுவும் பின்னால் பெஞ்சில் இருப்போம். நீங்கள் முதல் வரியிலிருந்து தொடங்கி, இந்த வரி வரைக்கும் சத்தமாகப் படிக்கவேண்டும். சதுர அடைப்புகளையும் விடக்கூடாது. குரலை ஏற்றவேண்டாம். எதையும் கூட்டவேண்டாம்.

ஒன்றுதான் பாக்கி. கிளம்புவதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் போய், குழாய் எங்கே போகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். யாதம்மா முதலில் அதைத்தான் கேட்பாள்.

[பட்டு: தாள் மொத்தம் பத்தொன்பது. சரிபார்த்தேன்.]